நான் நீக்கிய வரி

கோவிலம்பாக்கம்,
9-11-2025.

அன்புள்ள ஜோஷ்வாவுக்கு,

சுபத்ரா எழுதுகிறேன். என் எண்ணிலிருந்து அனுப்பும் எதுவும் உனக்கு வந்து சேருவதில்லை. அதனால் பொழிச்சலூர் போய் உன் தங்கையிடம் உன் ஓமன் முகவரியை, சோஹார் முகவரியை, கேட்டு வாங்கினேன். ஆபீஸ் விஷயம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்தாள். நீ ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருப்பதாகவும், லேப்டாப்பைத் தொடுவதே இல்லை என்றும் சொன்னாள்.

இங்கே நான்கு நாளாக மழை. வியாழக்கிழமை வண்டி நடுச்சாலைத் தண்ணீரில் நின்றுபோய், வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆபீஸில் நம் மானிட்டரின் ப்ராசஸரை மறுபடியும் மாற்றுகிறோம். நீ இருந்தபோது மாற்றியது இரண்டாவது வகை, இது மூன்றாவது. நோயாளியின் விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து ஆக்சிஜன் அளவைத் திரைக்குக் கொண்டுவர நீ எழுதிய டிரைவர் ப்ரோக்ராம்தான் இன்னும் ஓடுகிறது. எந்த ப்ராசஸருக்குப் போனாலும் ஓட வேண்டும் என்று பிடிவாதமாகப் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தாய். அதனால் முக்கால்வாசி வேலை பத்தே நாளில் முடிந்தது. ஆனால் புதிய போர்டில் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை எண் அப்படியே நின்றுவிட்டது. கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்போதும் திரையில் தொண்ணூற்றேழு.

மூன்று வருஷத்துக்கு முன் படப்பை நர்ஸிங் ஹோமில் தாயாரம்மாளுக்கு மூச்சு இறங்கிக்கொண்டிருந்தபோது, நம் திரை பதினோரு நிமிடம் இதே மாதிரிதான் காட்டியது. நர்ஸ் தற்செயலாக அவர் முகத்தைப் பார்த்ததால் உயிர் பிழைத்தார். பேச்சு போய்விட்டது. டிரைவரை இரண்டாவது ப்ராசஸருக்கு மாற்றியவன் நீ என்பதால் தவறும் உன்னுடையது என்று முடிவாகி, உன் வேலையும் போனது. அவசரமாக அந்த ஒரு போர்டுக்கு மட்டும் ஒட்டுப்போட்டோம். இப்போது மூன்றாவதில் அதே கோளாறு எட்டிப் பார்த்திருக்கிறது.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். அளவை எங்கே வைக்க வேண்டும் என்று நினைவகத்தில் எழுதிவிட்டு, பிறகு கிளிப்பிலிருந்து அளவை வாங்கும் கார்டுக்கு 'எடுத்துக்கொள்' என்று மணி அடிக்கிறோம். முதல் ப்ராசஸர் நாம் எழுதிய வரிசையிலேயே செய்யும். மற்ற இரண்டும் தமக்கு வசதிப்பட்டால் மணியை முன்னால் அடித்துவிடும். கார்டு ஒன்றுமில்லாத இடத்தைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிடும், திரையில் பழைய எண்ணே இருக்கும். 'அது முடிந்த பிறகே இது' என்று நடுவில் ஒரு வரி வேண்டும்.

விசாரணைக் கூட்டத்தில் நீ என்னைப் பார்த்து, "அந்த லைன் நான் போட்டேன்க்கா, கண்டிப்பா போட்டேன்" என்றாய். நான், "போட்டிருந்தா இருந்திருக்கணும்ல ஜோஷ்வா" என்றேன். சர்வர் மாற்றியதில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற பழைய பதிவுகள் வந்து சேரவில்லை. அவை இருந்த டிஸ்க் என் அலமாரியில் கிடந்தது.

போன மாதம்தான் அதை எடுத்துப் பார்த்தேன். நீ போட்டிருக்கிறாய், ஜோஷ்வா. ஏழு மாதம் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக நீ லீவில் இருந்த வாரம், அந்த வரி நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கியது நான். 'தேவையற்ற வரி, வேகம் குறைகிறது' என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். அன்றிருந்த ப்ராசஸருக்கு அது தேவையில்லைதான். ஆனால் எல்லா ப்ராசஸருக்கும் சேர்த்து நீ எழுதியிருந்தாய். நான் கையிலிருந்த ஒன்றை மட்டும் பார்த்தேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

சுத்தமாக மறந்துபோயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நீ 'போட்டேன்' என்று சொன்ன அந்த நிமிடமே உள்ளே ஏதோ உறுத்தியது. அலமாரியைத் திறந்தால் தெரிந்துவிடும் என்றுதான் திறக்கவில்லை.

முனிரத்தினம் சாரிடம் சொன்னேன். "முடிஞ்சுபோன விஷயம் மேடம். அந்தப் பையனும் வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டான். இப்போ கிளறினா எல்லாருக்கும் பேஜார்" என்றார். முதலாளி அல்லவா, வேறெப்படிச் சொல்வார். அன்று மாலையே அவருக்கும் நர்ஸிங் ஹோமுக்கும் நடந்ததை எழுத்தில் அனுப்பிவிட்டேன். மறுநாள் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே உன் வரியை, எல்லா ப்ராசஸருக்கும் பொதுவாக நீ வைத்திருந்த இடத்திலேயே, திரும்ப வைத்துவிட்டேன். நான்கு நாள் விடாமல் ஓடியது. எண் நிற்கவில்லை. வருகிற பதினெட்டாம் தேதி என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். இதையேதான் சொல்லப்போகிறேன்.

போன ஞாயிறு படப்பை போனேன். தாயாரம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலது கை மட்டும்தான் வேலை செய்கிறது. அவர் மகள் தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு, "அந்த அண்ணன் வாரா வாரம் வந்துகினு இருந்தாரு. அம்மா கையப் புடிச்சிகினு 'என் தப்புதாம்மா'ன்னு அழுவாரு. நான்தான் ஒரு நாளு தெருவுல வச்சி கண்டபடி திட்டி, இனிமே இங்க வராதன்னு தொரத்திட்டேன். அவரு மேல தப்பே இல்லியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்போ நான் அவர அவ்ளோ பேசினதுக்கு இப்போ இன்னா பண்றது?"

என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. தாயாரம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது தனம், "அவராண்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "மொதல்ல அவராண்ட சொல்லாம எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம். நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இது ஐந்தாவது.

திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. மன்னித்துவிடு என்று கேட்டால், அந்தப் பாரத்தையும் உன் தலையில்தான் ஏற்றுவேன். நீ இருந்த இடத்தில் இன்று வேறொருவர் இருக்கிறார். அந்த மூன்று வருஷத்தை யாராலும் உனக்குத் திருப்பித் தர முடியாது.

நீ கும்பிடும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. நாம்தான் மறந்துவிட்டோமோ, நமக்குத்தான் புத்தி தடுமாறிவிட்டதோ என்று இத்தனை நாள் உன்னை நீயே சந்தேகப்பட்டிருப்பாய். இன்றோடு அதை விட்டுவிடு ஜோஷ்வா. தயவுசெய்து விட்டுவிடு.

இப்படிக்கு,
சுபத்ரா