மூடியைக் கழற்ற மாட்டேன்

டோர்செட் பார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபாங்கிக்கு,

ஹலிபாக்ஸ் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டு அப்பா எழுதுவது. நான் இருக்கிறேன். அழுகை இன்னும் வரவில்லை, பசியும் இல்லை. நெசவு மில் பிரச்சினையை விட்டுப்போட்டு என்னட்ட வாங்கோ அப்பா என்று போனில் கேட்டாய். போனில் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அம்மா செத்துப்போன பிறகு அவ பார்த்த தறிகளை மற்றப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், புது ஆள் எடுக்கவில்லை. தறி திருத்துகிற என்னை மனேச்சர் கட்டிப்பிடித்து, சம்பளத்தோடு வேண்டிய மட்டும் லீவில் இருங்கள் என்றான். எனக்கும் அது இரக்கமாகத்தான் பட்டது. செத்த வீட்டில் சமைக்கக்கூடாதென்று அம்மாவோடு வேலை செய்த நிரோஷினி அன்ரி சோறு கொண்டுவந்தா. மில் சத்தத்தில் கத்திப் பழகினவ, குசினிக்குள்ளும் கத்தித்தான் கதைப்பா. உங்களுக்கென்ன விசரே அண்ணை, அவன் பாவம் பாத்தெண்டே நினைச்சனீங்கள், உங்கட ஸ்பனர் உள்ளுக்கு வரக்கூடாதெண்டெல்லோ காசு தாறான் என்றா.

தறியின் முன்மூடியைத் திறந்தால் தறி தானாக நிற்கும், கைக்கு அதுதான் காவல். நின்று நின்று ஓடினால் ஒருத்தி இத்தனை தறி பார்க்க ஏலாது. அதனால், அன்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் லீவில் இருக்க வெளியாளைப் பிடித்து மூடிகளைக் கழற்றி, மூடி இல்லாமலும் ஓடும்படி வயரை மாற்றி, ஓடும்போதே அறுந்த நூலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் நின்ற அன்ரனெற்றுக்கு விரல் நுனி போய்விட்டது. அம்மாவை மில் கொல்லவில்லை, அது இதயம், அந்தப் பழியை நான் அவர்களில் போடவில்லை. இது உயிரோடு நிற்கிறவர்களின் கைகள்.

வெள்ளிக்கிழமை போய் மூடிகளைப் பூட்டி வயரையும் பழையபடி மாற்றினேன். கழற்று, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றான் மனேச்சர். மாட்டேன் என்றுவிட்டு வெளியே வந்தேன். பெண்கள் தறிகளை நிற்பாட்டிவிட்டு லஞ்ச் றூமில் போய் இருந்துவிட்டார்கள். மனிசி செத்ததில் இவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவன் அவர்களிடம் சொல்ல, அவருக்குக் குழம்பினாப் பரவாயில்லை, எங்களுக்குத் தெளிஞ்சுபோச்சு என்று நிரோஷினி அன்ரி தன்ர இங்கிலீசில் திருப்பிக் குடுத்தாவாம்.

லேபர் மினிஸ்ரிக்கும் சொல்லியாயிற்று. நாளைக்கு முதல் ஷிப்டுக்கு எல்லோரும் போகிறோம். மூடியோடு ஓட்டலாமென்றால் ஓட்டுவோம், இல்லையென்றால் லஞ்ச் றூமிலேயே இருப்போம். வேலை போனால் போகட்டும், எங்கேயாவது ஏதாவது மெஷினைத் திருத்திப் பிழைப்பேன். விரலைத் திருத்த எனக்குத் தெரியாது.

கடவுளும் அம்மாவும் உனக்குத் துணை, பிள்ளை. படிப்பை விடாதே, காதை மறைத்துத் தொப்பி போடு. நீ எனக்கென்று எடுத்த பிளேன் ரிக்கெட்டை இன்றைக்கே கான்சல் பண்ணு.

உன் அப்பா,
பிரியந்தன்