பதினேழாம் பீப்பாயின் மணம்

மார்ச் 4
சளி போய் மூன்று வாரமாகிறது. வாசனை மட்டும் திரும்பவில்லை. காலையில் வெங்காயத்தை மூக்கில் தேய்த்தே பார்த்தேன். கண்தான் எரிந்தது. சாயந்திரம் அடுப்பில் மீன் தீய்ந்ததற்கு லாக்லன் வெளியிலிருந்து ஓடி வந்தான். "வீடே நாறுது, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறியே!" சளி என்று சொன்னேன். பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்று அவனுக்கு எப்போது தோன்றுமோ.

மார்ச் 9
விஸ்கி வடிசாலையில் மூக்கில்லாத வழிகாட்டி! கேட்டால் தீவே சிரிக்கும். பன்னிரண்டு வருஷம் வடிசாலைக் கடையில் பனியன் விற்ற பிறகுதான் கிடங்கு வேலை கிடைத்தது. அங்கே பீப்பாயிலிருந்து எடுத்ததை வழிகாட்டி முகர்ந்து தலையாட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் விருந்தாளிக்கு ஊற்றுவது. நான் எதை முகர்ந்து தலையாட்டுவேன்?

மார்ச் 27
டாக்டர்: "வரலாம். வராமலும் போகலாம்." இதைக் கேட்கவா ஒரு நாள் லீவு போட்டேன்!

ஏப்ரல் 2
சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பீப்பாய்களின் பழைய வாசனைக் குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பேரிக்காய், தேன், கடற்பாசி. ஒரு ஜெர்மன்காரர், "எனக்கும் பேரிக்காய்தான்!" என்று குதித்தார். வெட்கமாக இருந்தது. தப்பித்துவிட்ட சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது — அதுதான் பயம்.

ஏப்ரல் 19
இன்றும் பேரிக்காய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன்.

மே 11
கிடங்குக்காரர் டுகல்ட் வீட்டு அடுப்புக்காகச் சதுப்பு நிலத்தில் சதுப்புக்கரி வெட்ட லீவில் போயிருக்கிறார். பதினேழாம் பீப்பாயை நானே திறக்க வேண்டியதாயிற்று. முன்பு ஷெர்ரி ஒயின் இருந்த மரம்; இதுவரை யாரும் திறந்ததில்லை, குறிப்பும் கிடையாது. எட்டுப் பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். முகர்ந்தேன். தலையாட்டினேன். "அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல்" என்றேன் — ஷெர்ரி மரத்துக்கு எல்லோரும் சொல்வதுதான். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், "ஆமா, அத்திப்பழம்" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். ஐந்து பேர் அதே பீப்பாயிலிருந்து குப்பி நிரப்பிக்கொண்டு போனார்கள். ஏன் முதலில் அவ்வளவு அமைதி?

மே 13
டுகல்ட் திரும்பி வந்தார். பதினேழின் தக்கையை எடுத்தவர் அப்படியே பின்வாங்கினார்.

"ஏம்மா ஈஷ்பெல், இதையா ஊத்திக் குடுத்த?"

"ஏன்?"

"ஏனா? அழுகின முட்டையும் எரிஞ்ச ரப்பரும் சேந்து அடிக்குது! பீப்பாய்க்குள்ள பூசணம் புடிக்காம இருக்கக் கந்தகத்தை அளவில்லாம கொளுத்தியிருக்கான் எவனோ. மோந்து பாத்தியா இல்லியா?"

தக்கையை என் மூக்கடியில் நீட்டினார். ஒன்றுமே இல்லை. அழுதுவிட்டேன். பிப்ரவரியிலிருந்தே வாசனை தெரியவில்லை என்று சொன்னேன்.

"உன் மூக்க நம்பித்தானம்மா குடிக்கிறாங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மே 14
மேலாளர் கிர்ஸ்டியிடம் நானே சொல்ல வேண்டுமாம். "நான் சொன்னா கோள் மூட்டுறதா ஆயிடும்" என்கிறார் டுகல்ட். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? குப்பி நிரப்பிய ஐந்து பேரில் உட்ரெக்ட் ஊர்த் தம்பதி அதை மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போனார்கள். கல்யாணத்தில்! ஐயோ!

மே 15
சொல்லிவிட்டேன். கிர்ஸ்டி சொன்னாள்: "இனி கிடங்குக்குள்ள நீ வேணாம். அந்த அஞ்சு பேருக்கும் நீயே எழுது. காரணத்தையும் மறைக்காம எழுது." வேலையிலிருந்து நீக்கவில்லை. வீட்டுக்கு வந்து லாக்லனிடமும் சொன்னேன். "அந்த மீன் தீஞ்ச அன்னிக்கே தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றான். பாவி!

ஜூன் 6
என் கடிதம் கிடைத்ததும் உட்ரெக்ட் அம்மாள் போனில் கூப்பிட்டாள். 

"அங்கயே ரப்பர் நாத்தம்னு என் காதுல சொன்னார் எங்க வீட்டுக்காரர். நான்தான் திட்டினேன், அந்தம்மாவே அத்திப்பழம்ங்கறாங்க, உங்களுக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு. மனுஷன் நேத்து மூக்கு டாக்டர்கிட்டயே போயிட்டு வந்துட்டார்!"

சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 20
இப்போது என் வேலை வெளியில்தான். சதுப்புக்கரி நிலத்துக்குப் பத்துப் பேரைக் கூட்டிப்போனேன். அங்கே மூட்டியிருந்த கரியின் புகையைக் காட்டி, இது என்ன வாசனை என்று ஒருத்தி கேட்டாள். "எனக்கு மோப்பம் கிடையாதுங்க. உங்களுக்கு என்ன வருதுன்னு சொல்லுங்க," என்றேன். ஒருவர் ஆஸ்பத்திரி என்றார், இன்னொருவர் நனைந்த நாய் என்றார். பஸ் ஏறும்வரை சண்டை ஓயவில்லை.