இடது ஓரத்து மடிப்பு

புது டெல்லி
5.2.1986

அன்புள்ள அப்பாவுக்கு, மாதம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குக் கண் எரிச்சல் நின்றதா?

மூளையில் வலியை மறக்கடிக்கும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருப்பதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? அவற்றின் இழைகள், ஹார்மோனை வெளியேற்ற உத்தரவிடும் அணுக்களைப் போய்த் தொடுவதை, இரண்டு வருடம் எலி மூளையைச் சீவல் சீவலாக வெட்டிச் சாயமேற்றிக் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை கருத்தரங்கில் அதைத் தன் வேலையென்று திரையில் காட்டினார், எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான சேலத்துச் சுலோச்சனா அக்கா. படத்தின் இடது ஓரத்தில் சிறு மடிப்பு இருந்தது. சீவலைக் கண்ணாடியில் ஒட்டும்போது என் பிரஷ் நழுவி விழுந்த மடிப்பு அது.

பிறகு கேட்டேன். "ஒரே ஊர்ப் பக்கத்துக்காரங்க நாம, யாரு பேர்ல போனா என்ன மாது? உனக்கு இன்னும் வயசு இருக்குது," என்றார். பேராசிரியரும் அவர் பக்கம்தான். நான் புதிதாக வேறொன்றைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அன்றும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டேன். அந்தப் பொருள் எனக்கும் கொஞ்சம் சுரக்கிறது போலிருக்கிறது.

அக்கா இப்போது லீவில் சேலத்துக்கு வருகிறார். இருபதாம் தேதி ரயிலில் டெல்லி திரும்பும்போது, வழக்கம்போல மொரப்பூர் ஸ்டேஷனில் எள்ளுருண்டை டப்பாவோடு ஜன்னலருகே நிற்பீர்கள். டப்பாவைக் கொடுங்கள். பாதி அளவு போதும், இனி நான் மட்டும்தான் சாப்பிடுவேன். தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரம், முடிக்கிறேன்.

"எம்புள்ளைய பாத்துக்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்வீர்களே, அதை மட்டும் இந்த முறை சொல்ல வேண்டாம் அப்பா.

உங்கள் மகள்
மாதம்மாள்