குஞ்சுகளின் கண்ணாடியைக் கழற்றிய வாரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கல்மண்டபத்திலிருந்து மாதவரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆய்வுக்கூட வேலை: தண்ணீர் மாற்ற, தரை கழுவ, கோழிக்குஞ்சு இருபதுக்கும் கண்ணாடி துடைக்க. வலது கண்ணில் மட்டும் மைனஸ் கண்ணாடி, இறகில் ஒட்டிய வளையத்தில். இடது கண் சும்மா.

ஆராய்ச்சி செய்கிற பெண் நித்யா, அண்ணன் கல்யாணத்துக்கு ஈரோடு போகிறாள். வெள்ளி வரை எல்லாம் என் தலையில். "ஒவ்வொண்ணா கழட்டுங்க அக்கா. வெளிச்சத்தைக் குறைச்சுட்டு. துடைச்ச உடனே மாட்டிடுங்க." எத்தனை தடவைதான் சொல்வாள். தலையாட்டினேன்.

என் மகள் ஜெனிக்குக் கண்ணாடி பவர் மறுபடி ஏறியிருக்கிறது. ஏழாவதுதான் படிக்கிறாள். பகலில் வெளியே விளையாட விடச் சொன்னார் கண் டாக்டர். அவளிடம் சொன்னால், "வெளில இன்னா கீதும்மா? டிரைலர் லாரிதான் கீது." வாய்க்கு மட்டும் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். தீவனத் தூள் கண்ணாடியெல்லாம் அப்பிக்கொண்டு. ஒரு குஞ்சு காலால் சொறிந்து வளையத்தைச் சுற்றிப் புண்.

ஒன்று ஒன்றாகத் துடைத்தால் மதியமாகிவிடும். எங்கள் தெருவில் நெத்திலியை ஒவ்வொன்றாகவா கழுவுகிறார்கள்? மொத்தத்தையும் கழற்றி பேசினில் சோப்புத் தண்ணீரில் போட்டேன். விளக்கையும் போட்டேன். ஒன்றையொன்று கொத்திக்கொண்டு என்ன ஓட்டம்! பாவம், பார்க்கட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டேன். பிறகுதான் மாட்டினேன்.

பதிவேட்டில் 'துடைத்தாயிற்று'. பொய் இல்லையே.

ஜூன் 12, வியாழன்

நேற்றும் இன்றும் அப்படியே. நாள் முழுவதிலும் நான் உட்கார்கிறது அந்த இரண்டு மணி நேரம்தான். புண்ணும் ஆறி வருகிறது.

வீட்டில் அவர் வலையோடு மல்லுக்கட்டுகிறார். மீன்பிடித் தடை முடியப் போகிறது. "துன்னியா?" "துன்னேன்." அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 13, வெள்ளி

நித்யா வந்துவிட்டாள், மருதாணிக் கையோடு. குஞ்சுகளுக்கு லேசாக மயக்கம் கொடுத்து ஒவ்வொரு கண்ணின் நீளத்தையும் கருவியில் அளந்தாள். கண்ணாடி போட்ட கண் நீண்டிருக்க வேண்டுமாம். நீளவில்லை. இரண்டும் ஒன்றுபோல. தன் அளவுதான் தப்பு என்று மறுபடி முதலிலிருந்து அளந்தாள். அவள் மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மூன்று வருடமாகத் துடைக்கிறேன், இன்றுதான் கேட்டேன், ஏன் நீள வேண்டும் என்று.

"அந்தக் கண்ணாடி போட்டா பிம்பம் விழித்திரைக்குப் பின்னால தள்ளிப் போயிடும் அக்கா. விழித்திரை அதைக் கண்டுபிடிச்சு, கண்ணைப் பின்பக்கமா வளரச் சொல்லும். மூளையைக்கூடக் கேக்காது. மூளைக்குப் போற நரம்பை வெட்டினாக்கூட வளருது."

ஜெனியின் கண்ணும் இப்படித்தான் யாரையும் கேட்காமல் வளர்கிறதா? கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். "கண்ணாடிய கழட்டினா?"

"தினம் கொஞ்ச நேரம் தெளிவாப் பாத்தாலே போதும், அந்த வளர்ச்சி நின்னுடும். அதனாலதான் உடனே மாட்டச் சொல்றது."

பேசினை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது வெளியே கேட்டது.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் சாமியார் சொன்ன ஒரு வார்த்தையும் ஏறவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார். சொல்ல ஆளில்லாமல் ஜெனியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"போய் சொல்லிடும்மா."

"வேல பூடும்டி."

"அந்தக்கா அவங்க மேலதான் தப்புன்னு அழுதுகினு கீறாங்கன்ற. நீ இன்னாடான்னா..."

புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம் என்பதால் கூடுதலாக வந்தது.

ஜூன் 16, திங்கள்

தூறல். பஸ் தாமதம். தன் கையே சரியில்லை, அளவு எடுக்கத் தெரியவில்லை என்று பேராசிரியருக்கு எழுதிக்கொண்டிருந்தாள் நித்யா. கண் வீங்கியிருந்தது. துடைப்பத்தைக் கூடக் கீழே வைக்காமல் சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாள்?"

"மூணு நாளு மேடம்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு ரெண்டு மணி நேரம். லைட்டும் போட்டுட்டேன். பாவமா இருந்துச்சு."

திட்டுவாள் என்று நின்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பதிவேட்டில் என் 'துடைத்தாயிற்று'வின் பக்கத்தில் உண்மையை எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பிறகு, "இந்த இருபதையும் சேத்துக்க முடியாதுக்கா. புதுசா இருபது வாங்கணும்."

ஆய்வு முடிந்தால் குஞ்சுகளை உயிரோடு விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த இருபதுக்கும் அதுதான் முடிவு, நான் கழற்றியிருந்தாலும் கழற்றாவிட்டாலும். இன்னும் இருபது வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

வேலை போகவில்லை. "நீங்களா வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பழைய கூண்டுகளைக் கழுவி முடித்தபோது புதுக் குஞ்சுகள் வந்தன. அட்டைப் பெட்டி முழுக்கக் கீச்சு கீச்சு. போன இருபதுக்கு இரக்கப்பட்டேன். அதனால்தான் இந்த இருபதும் இங்கே வந்திருக்கின்றன.

நித்யா வளையம் ஒட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். முதல் குஞ்சு உள்ளங்கைச் சூட்டில் கண் சொக்கியது. விளக்கைக் குறைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன்.