எலுமிச்சம்பழத்துக்குள் உன் விரல்

இன்று காலை மருமகள் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். “மாமா, நகச்சுத்து வந்துக்கினு இருக்குது. ஒரு எலுமிச்சம்பழம் பறிச்சாந்து குடுங்க” என்றாள். பழத்தைப் பறித்து மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷமாகியும் அந்த வாசனையில் நீதான் இருக்கிறாய், நண்பா.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் நீ பிரஷ்ஷால் எழுதிய கோஷம்தான். அப்போதுதான் உன் வலது நடுவிரல் நுனி சிவந்து வீங்கியது. நகச்சுத்து என்று அடித்துச் சொன்னவன் நான். பழத்தைத் துளைத்து, மஞ்சளும் உப்பும் குழைத்து வைத்து உன் விரலில் மாட்டியவனும் நான். ஒரு பழம் வாடினால் அடுத்தது. இப்படியே இரண்டு மாதம் ஓட்டினோம். பழத்தோடேயே பிரஷ்ஷைப் பிடித்து எழுதினாய். கேலி செய்தவர்களிடம், “இன்னாடா பாக்குற? என் விரலு குல்லா போட்டுக்கினு இருக்குது” என்பாய். உன் இருமலை மட்டும் பெயிண்ட் வாடை என்று இருவருமே தள்ளிவிட்டோம்.

கடைசியில் டாக்டர் கீறிப் பார்த்தார். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பு கரைந்துபோயிருந்தது. உடனே புதுச்சேரிக்குப் போகச் சொன்னார். அன்றைக்கென்று பார்த்து நம் ஆட்களின் சாலை மறியல். பஸ் ஓடும் இடம் வரையாவது போய்விடலாம் என்று உன்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். மறியலுக்காக வெட்டிய புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்தது. அங்கிருந்த பையன்கள் உன்னை அடையாளம் கண்டு மரத்தைப் புரட்ட ஓடிவந்தார்கள்.

“எனக்கு வேணாம்பா, நான் தாண்டிப் போய்க்கிறேன். பின்னால மாட்டுவண்டியில ஒரு புள்ளத்தாச்சி வருது. அதுக்கு வழி வுடுங்க” என்றாய். வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வண்டி கடக்கும்வரை நின்றாய். உன்னைப் போல ஒரு மனுஷனை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

நுரையீரலில் இருந்த புற்றுநோய்தான் கைக்குப் பரவியிருக்கிறது என்று புதுச்சேரியில் சொன்னார்கள். விரலில் போய் உட்காருவது அபூர்வமாம். விரலை எடுத்துவிட்டார்கள். நீ கட்டோடு ஊருக்கு வந்து, பாதியில் நின்ற சுவரை இடது கையால் எழுதி முடித்தாய். நாலு எழுத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். ஏணி மேலேயே நின்று கல்வராயன் மலையைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுவாய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

“அந்தப் பழத்த மாட்டாம அப்பவே இட்டுக்கினு போயிருந்தா...” என்றேன்.

“சும்மா இருடா. அந்தப் பழந்தான் எனக்கு வலியக் கம்மி பண்ணிச்சு.”

பொய். ராத்திரியெல்லாம் நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை உன் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். அடுத்த கரும்பு வெட்டுக்கு நீ இல்லை.

அதிலிருந்து யாருக்கு விரல் வீங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். ஊரில் எனக்கு எக்ஸ்ரே என்றே பட்டப்பெயர். மருமகளையும் விடவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார்.

“பெரியவரே, இது வெறும் நகச்சுத்துதாங்க.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வீட்டுக்கு வந்து பழத்தைத் துளைத்து, மஞ்சளும் உப்பும் வைத்து, நானே அவள் விரலில் மாட்டிவிட்டேன். வெறும் நகச்சுத்துதான்டா.