எறும்புக்குக் கம்பளி போர்த்திய மூன்று நாள்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. மாடிப்படியைக் கண்டாலே அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அருங்காட்சியகத்தில் என் மானம் கப்பலேறிவிட்டது. பூச்சிக் கூடத்துக்கு இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் வந்தன. ஒன்றில் பாலைவன எறும்பு, மற்றதில் பனிப்பிரதேசத்துக் குண்டுத் தேனீ. விளக்க அட்டை ஒட்டுவது என் வேலை. அந்த நேரம் பார்த்து, பாலைவனத்தில் குழாய் பதிக்கும் இடத்திலிருந்து நீங்கள் போன் செய்தீர்கள். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க, போடட்டுமா?" என்றீர்கள். "உங்க இஷ்டம்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டு, அட்டைகளை மாற்றி ஒட்டிவிட்டேன்.

மூன்று நாள் கூட்டம் வந்து பார்த்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் மேலாளர் அம்மா, "எறும்புக்கு உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம்னு போட்டிருக்கியே, எங்கேன்னு கொஞ்சம் காட்டேன்" என்றார். வாசல் காவல்கார அக்கா இன்னும் என்னைக் 'கம்பளி' என்றுதான் கூப்பிடுகிறாள்.

வெட்கத்தில் இரண்டையும் பற்றி முழுதாகப் படித்தேன். சிரிப்பு நின்றுபோனது. அந்தத் தேனீ ராணி, மண் உறைந்த ஊரில் தன்னந்தனியாகக் கூடு தொடங்குகிறாள். இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் நடுங்கவைத்து உடம்பைச் சூடாக்கி, முட்டைகள்மேல் படுத்துக்கொள்கிறாள். நடுக்கத்தையே அடுப்பாக்கியவளை என்னவென்று சொல்வது!

எறும்போ, மற்ற உயிர்கள் நிழலுக்கு ஓடும் உச்சிவெயிலில்தான் வெளியே வருகிறது. இரை தேடிக் கண்டபடி சுற்றும். கிடைத்ததும் நேர்க்கோட்டில் வளைக்குத் திரும்பும். சூரியனை வைத்துத் திசை, காலடியை வைத்துத் தூரம். கடுகளவு தலைக்குள் இத்தனை. நானோ மீன் வாங்கப் போய், வீடு திரும்ப இரண்டு பேரிடம் வழி கேட்பவள்.

திரும்பும் நேரத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் சில எறும்புகளின் காலில் குச்சி ஒட்டி நீளமாக்கிப் பார்த்தார்களாம். அதே எண்ணிக்கை அடிகள்தான் நடந்தன. ஆனால் வளையைத் தாண்டிப் போய், இல்லாத வாசலை அங்கே தேடின.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். சின்னவளுக்கு நீங்கள் போனுக்குள் குடியிருக்கும் அப்பா. சார்ஜ் இறங்கினால், "அப்பா தூங்கிட்டாரு" என்று அதன்மேல் துண்டு போர்த்துகிறாள்.

நான் அன்று சொன்னது வாய் சொன்னது. கையெழுத்துப் போடாதீர்கள். இதுவரை கிடைத்ததே போதும். உங்களைச் சுற்றி இருக்கும் வெயில் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் அனுப்பட்டும். வாசல் தெரிகிற தூரத்தில் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உங்கள்,
மனைவி