கூப்பிட ஆள் இருந்தும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வழக்கம்போல "பரவாயில்லை" என்று எழுதாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு வந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மயக்க மருந்து டாக்டர்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் போதாது. வேலையைச் செய்து காட்டினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். எனக்கு ஒரு பொம்மை நோயாளியைக் கொடுத்தார்கள். மயக்கம் கொடுத்ததுமே அதற்கு மூச்சு அடைத்துக்கொண்டது. தட்டுத்தடுமாறி நானே குழாயைப் போட்டுக் காப்பாற்றிவிட்டேன். தேர்வாளர் அம்மாவோ தேறவில்லை என்று எழுதிவிட்டார்.

"அதான் பொழச்சிருச்சே மேடம்?"

"பொழச்சிருச்சு. வெளியில ரெண்டு டாக்டர் நின்னாங்களே, ஏன் ஒரு குரல் கூப்பிடல?"

நம் ஊர் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதானே மயக்க டாக்டர். கூப்பிட ஆளில்லாமலே பழகிவிட்டதைச் சொன்னேன்.

"இங்க நாங்க இருக்கோம்ல," என்றார்.

நேற்று மறுபடி செய்தபோது, மூச்சு அடைத்ததுமே கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தேறிவிட்டேன். பொம்மைக்குப் பக்கத்தில் நின்று கண் கலங்கியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அந்த அம்மாவுக்கும், என்னைத் தைரியமாக அனுப்பி வைத்த உங்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பயிற்சி முடியும்வரை இங்கே ஆபரேஷன் தியேட்டரில் டியூட்டியும் உண்டு. அங்கே போட என் துணித் தொப்பியை அனுப்புங்கள். கூடவே உங்கள் தலையணை உறை ஒன்றும், துவைக்காமல். காரணம் கேட்காதீர்கள்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போனதே அத்தை சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் மூச்சு விடாமல் தனியாகவே சமாளித்தீர்களாம். இங்கே அதற்கு மார்க் போடமாட்டார்கள்.

உங்கள்,
டாக்டரம்மா